பின்சக்கரக் குறிப்புகள், புசா ரோடு

பின் டயரின் உள்விளிம்பை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. முன் டயரென்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் போதும், தேய்ந்த இடம் தானே வெளியே வந்து நிற்கும். பின் டயருக்கு வண்டியின் அடியில் கையை விட்டுத் தடவ வேண்டும். எதிர்வீட்டு மாமாவின் 2012 சிவிக்கில் தடவிப் பார்த்தேன். ஒரு திசையில் உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போகிறது. எதிர்த் திசையில் ஒவ்வொரு கட்டையின் ஓரமும் தோலைப் பிடிக்கிறது. காற்று கூடக்குறைய இருந்து வந்த தேய்மானம் இப்படி இருக்காது. சக்கரம் உருண்டுகொண்டே பக்கவாட்டிலும் இழுபட்டிருக்கிறது.

*

மாமா மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். அவருடைய புகார் இது:

"ஷாக்கர் மாத்தியாச்சு, பின்னாடி புஷ்ஷும் மாத்தியாச்சு, அலைன்மென்டும் பண்ணியாச்சு. பேப்பர்கூடக் குடுத்தான்டா, எல்லாம் பச்சை. அப்புறமும் பின்னாலேர்ந்து ஊளை மாதிரி ஒரு சத்தம். இப்ப வீல் பேரிங் போச்சுங்கறான்."

"பேரிங்கை விடுங்க மாமா. அந்தப் பேப்பரைக் காட்டுங்க."

கோணலாகத் தேய்ந்த பின் டயரின் சத்தத்துக்கும் போன பேரிங்கின் சத்தத்துக்கும் காதால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். பின் டயரை முன்னே மாற்றிப் போட்டு ஓட்டினால் தெரியும். சத்தமும் முன்னே வந்துவிட்டால் டயர். பின்னாலேயே நின்றால் பேரிங். செலவில்லாத சோதனை. ஆனால் பேரிங் விற்கிறவருக்கு அது நினைவுக்கு வருவதில்லை.

*

புசா ரோட்டில் முகவரி சொல்ல வீட்டு எண் வேண்டாம், மெட்ரோ தூணின் எண் போதும். 2005 டிசம்பர் 31 அன்று பாராகம்பா–துவாரகா தடம் திறந்ததிலிருந்து ராஜேந்திர பிளேஸ், கரோல் பாக் நிலையங்களுக்கு நடுவே சாலையின் நடுமுதுகில் அந்தத் தூண்கள்தான் நிற்கின்றன. டயர்க் கடை, ஸ்பீக்கர் கடை, சீட் கவர் கடை எல்லாமே தூண் எண்ணை வைத்துத்தான் வழி சொல்கின்றன.

சாலையின் பெயர் பீகாரிலிருந்து வந்தது. 1905இல் அங்கே புசா என்ற ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். 1934 ஜனவரி நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமாக, 1936இல் நிலையம் டெல்லிக்கு வந்தது. ஊர்ப் பெயரும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இயக்குநராக இருந்தது அங்கேதான். காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தினம் அந்தப் பெயர்ப்பலகையைக் கடப்பவன் ஒரு தடவையாவது எழுதிவைக்க வேண்டாமா?

*

பின்சக்கரத்தை அளக்கச் சொன்னால் சந்துக் கடையில் வரும் முதல் பதில்: "ஆகே கா செட் கர் தேதே ஹைன், அங்கிள்ஜி. பீச்சே குச் நஹீன் ஹோதா." முன்னே சரிசெய்து தருகிறோம், பின்னே ஒன்றும் கிடையாது என்கிறார்கள்.

சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு மூன்று தலைமுறைக்கு அது உண்மையாகவே இருந்தது. அம்பாசடரின் பின்னால் ஒரே இரும்பு அச்சு, இரண்டு பக்கமும் வில்லுப்பட்டை. இங்கே அதைக் கமானி என்பார்கள். பத்மினியிலும் பின்னால் பட்டைதான். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்த மாருதி 800இலும் பின்னால் பட்டையும் நேர் அச்சும்தான். 1986இல் வந்த அடுத்த மாதிரியில் பட்டை போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது, ஆனால் அச்சு அச்சாகவே இருந்தது. அச்சு வளையாதவரை இரண்டு பின்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று நேர். திருகித் திருத்த எதுவும் இல்லை.

அதற்காகப் பின்பக்கத்தில் கோளாறே வராது என்று அர்த்தமில்லை. பட்டைகளை ஒன்றாகப் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் உடைந்தால் அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அப்படிப்பட்ட லாரிகளை நெடுஞ்சாலையில் இன்றும் பார்க்கலாம். பின்னால் போகும்போது அதன் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு கோட்டில் தெரியும், நண்டு நடை. அம்பாசடர் மிஸ்திரிகள் இதற்கு டேப் வைத்திருந்தார்கள். முன் அச்சு மையத்திலிருந்து பின் அச்சு மையம் வரை இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு. இரண்டும் ஒத்தால் சரி, ஒவ்வாவிட்டால் யூ போல்ட்டைத் தளர்த்து. கம்ப்யூட்டர் திரை இல்லாத அந்த ஆள் பின்னாலிருந்து தொடங்கினார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

*

தனித்தனியாக அசையும் பின்சக்கரங்கள் வந்த பிறகும் பழைய வாக்கியம் மாறவில்லை. 1998இல் அறிமுகமான இண்டிகாவிலேயே பின்னால் செமி டிரெய்லிங் ஆர்ம். அடுத்த ஆண்டு வந்த ஆக்சென்டிலும் பின்சக்கரங்கள் தனித்தனி. 2006 சிவிக், 2011 எக்ஸ்யூவி 500, 2021 எக்ஸ்யூவி 700 எல்லாம் பின்னால் பல ஆர்ம் கொண்டவை. ஸ்விஃப்ட், ஐ20 போன்ற சிறிய கார்களில் டார்ஷன் பீம், இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச்சட்டம். அவற்றில் கடைக்காரர் சொல்வது பாதி சரி. திருத்தத்தான் முடியாது, அளக்க முடியும். அளந்து பார்த்தால்தானே பீம் வளைந்திருக்கிறதா என்று தெரியும்?

*

பேப்பர். பின்பக்கம், புஷ் மாற்றிய அன்று எடுத்தது:

இடது டோ −0.10. வலது டோ +0.30. மொத்தம் 0.20.

மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்முனை உள்நோக்கித் திரும்பியிருந்தால் டோ கூட்டல், வெளிநோக்கியிருந்தால் கழித்தல். பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்கள் கொஞ்சம் உள்நோக்கியிருக்க வேண்டும்; வேகத்தில் வண்டி அலையாமல் போவதற்கு அது தேவை. மொத்தம் 0.20 என்பது நடுநாயகமான எண், கொட்டை எழுத்தில் பச்சை. தனித்தனி எண்கள் இரண்டும் அனுமதித்த எல்லையின் ஓரத்தில் கால் வைத்து நிற்கின்றன, அதனால் அவையும் பச்சை.

இப்போது படமாகப் போட்டுப் பார்க்கலாம். வலச் சக்கரத்தின் முன்முனை உள்நோக்கி, அதாவது இடப்பக்கம். இடச் சக்கரத்தின் முன்முனை வெளிநோக்கி, அதுவும் இடப்பக்கம்தான். இரண்டும் சேர்ந்து இடது பார்க்கின்றன. இரண்டின் வித்தியாசத்தில் பாதி 0.20 டிகிரி. பின் அச்சு தள்ளும் திசை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து அவ்வளவு விலகியிருக்கிறது. கடைகளில் இதைத் த்ரஸ்ட் ஆங்கிள் என்பார்கள். பேப்பரில் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும்.

நேர்ச்சாலையில் வண்டி போவது மூக்கு காட்டும் திசையில் இல்லை, பின்சக்கரங்கள் காட்டும் திசையில். ஆகவே முன்சக்கரங்களும் அதே 0.20 டிகிரி இடப்பக்கம் திரும்பினால்தான் நேராகப் போக முடியும். ஸ்டியரிங்கின் விகிதம் சுமார் 15க்கு 1 என்று வைத்தால், கையில் 3 டிகிரி. சிவிக்கின் வீல்பேஸ் 2700 மில்லிமீட்டர். முன்தடமும் பின்தடமும் 9 மில்லிமீட்டருக்கு மேல் விலகும்.

"ஸ்டியரிங் கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருந்ததா மாமா?"

"இருந்ததே. சொன்னேன். உடனே நேர் பண்ணிட்டான்."

எப்படி நேர் பண்ணியிருப்பார்கள் என்பதில் மர்மம் இல்லை. முன்னே சக்கரங்களைத் திருப்பும் டை ராடு இரண்டையும் எதிரெதிராகத் திருகினால் ஸ்டியரிங் நேராகிவிடும். வண்டி கோணலாகவே போகும். அறிகுறி மறைந்தது, நோய் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: முதலில் பின் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவு), பிறகு பின் டோ, த்ரஸ்ட் ஆங்கிள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு முன்பக்கம், கடைசியில் முன் டோ. ஸ்டியரிங்கை நேராக்குவது கடைசி வேலை. இங்கே அதுதான் முதல் வேலையாக நடக்கிறது, பல இடங்களில் ஒரே வேலையாகவும்.

*

கணக்கு: ஒரு டிகிரி டோ பிசகினால் அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் உருளும்போது சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் உரசப்படுகிறது. 0.20 டிகிரிக்கு மூன்றரை மீட்டர். கரோல் பாக்கிலிருந்து குருகிராம் போய் வருகிறவர் பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். 15 அங்குல ரிம்மின் விளிம்பில் அளந்தால் 0.20 டிகிரி என்பது 1.3 மில்லிமீட்டர்தான். கண்ணால் பார்த்து "சீதா ஹை", நேராக இருக்கிறது என்று சொல்கிறவர்களின் கண்ணுக்கு இது சிக்காது.

*

இனி புஷ். இந்தக் குறிப்பேட்டில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பக்கத்தைப் படிக்கலாம்.

ரப்பர் புஷ்ஷில் வெளியே ஒரு இரும்புக் குழல், உள்ளே ஒரு இரும்புக் குழல், நடுவில் ரப்பர், இரண்டோடும் ஒட்டியது. வெளிக்குழல், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்முக்குள் அழுத்தப்பட்டிருக்கும். உள்குழலை ஒரு போல்ட் அடிச்சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கும். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது எதுவும் வழுக்குவதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப வருகிறது. ஆக, ரப்பர் எந்த நிலையில் முறுக்கில்லாமல் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது கடைசியாகப் போல்ட்டை இறுக்கிய கை.

லிஃப்டில் தூக்கிய வண்டியில் சக்கரம் தொங்குகிறது, ஆர்ம் கீழே சாய்ந்திருக்கிறது. கைக்கு வசதி, அங்கேயே இறுக்கிவிடுகிறார்கள். வண்டி தரைக்கு வந்ததும் ஆர்ம் மேலே போகிறது, நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த முறுக்கு வண்டியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கிறது. அன்றே எடுத்த அலைன்மென்ட் அந்தப் பொய் உயரத்தில் எடுத்தது. சில வாரத்தில் ரப்பர் தளர்ந்து, இல்லையென்றால் கிழிந்து, வண்டி தன் உயரத்துக்கு இறங்கும், ஆர்மின் கோணம் மாறும், டோவும் மாறும். பேப்பர் மட்டும் பச்சையாகவே இருக்கும்.

இப்போது அளந்ததில் மாமாவின் வலச் சக்கரம் அன்றைய எண்ணைவிட இன்னும் உள்ளே போயிருக்கிறது. புஷ்ஷைப் பார்த்தால் காரணம் தெரிகிறது, ரப்பரில் ஒரே பக்கமாக வெடிப்பு.

சரியான முறை ஒன்றும் ரகசியமில்லை. எல்லா போல்ட்டையும் விரலால் போட்டு விடு. வண்டியின் எடை சக்கரத்தில் உட்காரும்படி செய், ராம்ப்பில் ஏற்றியோ, ஆர்முக்குக் கீழே ஜாக் கொடுத்து நிற்கும் உயரத்துக்குத் தூக்கியோ. பின்பக்கத்தை இரண்டு மூன்று தடவை அமுக்கி விடு. அதன் பிறகு டார்க் ரெஞ்ச்.

அரைமணி நேரம் கூடுதல். அந்த அரைமணிக்கு யாரும் கூலி கேட்டதையும் பார்த்ததில்லை, கொடுத்ததையும் பார்த்ததில்லை. நான் கடைக்காரராக இருந்தால் பில்லில் அதைத் தனி வரியாகவே போடுவேன்.

*

1977இல் வந்த போர்ஷே 928இன் பின் அச்சில் இதே ரப்பரின் நெகிழ்வை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் தானாகவே கொஞ்சம் உள்நோக்கித் திரும்பி வண்டியைச் சுழல விடாமல் பிடிக்கும். வைஸாக் அச்சு என்று பெயர். ரப்பரை வைத்து அப்படித் திசைதிருப்ப முடியுமென்றால், கெட்ட ரப்பரும் திசைதிருப்பும். அது எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியாது.

*

எக்ஸென்ட்ரிக் போல்ட். போல்ட்டின் தலைக்குக் கீழே மையம் தள்ளிய ஒரு வட்டத்தட்டு. திருகினால் ஆர்மின் உள்முனை சில மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ நகரும். சிவிக்கில் பின்னால் திருத்தக் கிடைப்பது இந்த வகையில் டோ மட்டும்தான். கேம்பர் பிசகினால் எந்த உறுப்பு வளைந்தது என்று தேட வேண்டியதுதான்.

டெல்லியில் கடல் இல்லை, ஆனாலும் இந்த போல்ட் துருவில் புஷ்ஷின் உள்குழலோடு ஒன்றாகிவிடுகிறது. மழைநீரும் சேறும் வருஷக்கணக்கில் அதற்குள் இருந்திருக்கின்றன. மாமா வண்டியில் இடப்பக்கம் திரும்பியது, வலப்பக்கம் அசையவே இல்லை. முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். அப்படியும் வராவிட்டால் போல்ட்டை வெட்டி, புஷ்ஷும் போல்ட்டும் புதிதாகப் போட வேண்டும். நெருப்பைக் காட்டினால் போல்ட் இளகும், ரப்பரும் போய்விடும்.

முன்பு வேலை செய்தவர்கள் வலப்பக்கத்தை ஏன் +0.30இல் விட்டார்கள் என்பது இங்கே புரிந்தது. வலது அசையவில்லை, ஆகவே இடதைத் திருகி மொத்தத்தைப் பச்சையாக்கியிருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், அதில் சந்தேகமில்லை.

கழற்றும் முன் தட்டின் நிலையைப் பெயின்ட்டால் குறிக்க வேண்டும். குறி இருந்தால் வண்டி அலைன்மென்ட் கடை வரைக்குமாவது ஒழுங்காகப் போகும்.

*

புது ஆர்ம் விலை கேட்டதும் மாயாபுரி என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். உடைத்த வண்டிகளின் உறுப்புகள் அங்கே குவியலாகக் கிடைக்கும். 2010 ஏப்ரலில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பழைய கருவியோடு கோபால்ட்-60 போய்ச் சேர்ந்து ஓர் உயிரைப் பறித்த சந்தை. கதவு, விளக்கு, பம்பர் வாங்கலாம். சஸ்பென்ஷன் ஆர்ம் வேண்டாம் என்பேன். அந்த வண்டி எதற்காக உடைக்க வந்தது என்று ஆர்மைப் பார்த்துச் சொல்ல முடியாது. அரை டிகிரி வளைவு கண்ணுக்குத் தெரியாது.

*

ஹைட்ராலிக் ஜாக்கும் சங்கிலியும் வைத்து வளைத்துக் கேம்பரை "எடுக்கிற" கடைகளும் இருக்கின்றன. திரையில் எண் பச்சையாகிவிடும். பள்ளத்தில் வளைந்த இரும்பை மறுபடி எதிர்த்திசையில் வளைத்தால் அது பழைய இரும்பு ஆகாது. டார்ஷன் பீம் வண்டிகளுக்கு வேறொரு வழி உண்டு. பீமுக்கும் சக்கரத்தின் ஸ்டப் அச்சுக்கும் நடுவே சாய்வாகச் சீவிய ஷிம் தகடு. சின்னப் பிசகுக்கு அது போதும். பெரிய பிசகென்றால் பீமையே மாற்ற வேண்டும், பேரம் கிடையாது.

*

சந்துக் கடையின் 3டி எந்திரம் புதுச்சேரியில் செய்தது, மனாடெக். டெல்லியில் நம் பக்கத்து எந்திரம் இந்திக்காரப் பையனுக்கு எண் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து மாமாவுக்கு அப்படியொரு சந்தோஷம். எந்திரத்தைப் பற்றிய விவரம் முழுவதையும் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்.

நான்கு சக்கரத்திலும் புள்ளிகள் போட்ட பலகைகளை மாட்டுகிறார்கள். வண்டியைக் கொஞ்சம் பின்னே தள்ளி முன்னே கொண்டுவருகிறார்கள். அந்த உருளலை வைத்துக் கேமரா ஒவ்வொரு சக்கரத்தின் உண்மையான அச்சைக் கணக்கிடுகிறது, ரிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும். இந்தத் தள்ளலை அவசரத்தில் அரைகுறையாகச் செய்தால் பிறகு வரும் அத்தனை எண்ணும் சந்தேகம். பின்சக்கரத்துக்குக் கீழே வழுக்குத் தட்டு இருக்கிறதா, அதன் பூட்டுப் பின்னை எடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். பூட்டுப் பின் மாட்டியே இருந்தால் போல்ட்டைத் திருகும்போது டயர் தரையைப் பிடித்துக்கொள்ளும்; திரை ஒன்று காட்டும், சாலை வேறொன்று காட்டும்.

அதற்கும் முன்: நான்கு டயரிலும் காற்று, நான்கும் ஒரே அளவா, பேரிங்கில் ஆட்டம், பால் ஜாயின்ட்டில் ஆட்டம், டிக்கியில் சாமான். மாமாவின் டிக்கியில் ஒரு மூட்டை அரிசி. கரோல் பாக் கடையில் பொன்னி அரிசி வந்த வாரம். இறக்கினோம்.

*

எந்திரமே இல்லாமலும் அளக்க முடியும். பந்தயக்காரர்கள் இன்றும் செய்கிறார்கள். நான்கு ஸ்டாண்டு, இரண்டு நூல். சக்கர மைய உயரத்தில் வண்டியின் இரு பக்கமும் நூலை இழுத்து, இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகவும் வண்டியின் நடுக்கோட்டுக்குச் சம தூரத்திலும் நிறுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளக்கலாம். தனித்தனி டோ கிடைத்துவிடும், த்ரஸ்ட் ஆங்கிளும் கிடைத்துவிடும். தரை மட்டமாக இருக்க வேண்டும். புசா ரோட்டின் சர்வீஸ் லேனில் அப்படி ஓர் இடம் தேடிக் கிடைக்கவில்லை.

*

கடைசியில் மாமாவின் வண்டிக்குச் செய்தது: வலப்பக்க போல்ட்டை வெட்டி எடுத்தார்கள். இரண்டு பக்கமும் புதிய எக்ஸென்ட்ரிக் போல்ட், வெடித்த பக்கம் புதிய புஷ். எடை உட்கார்ந்த பிறகு இறுக்கம். பின் டோ இடது 0.10, வலது 0.10. த்ரஸ்ட் 0.00 என்று காட்டியது. எந்திரம் கொஞ்சம் தாராளமாகச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டாலும் நல்ல எண். முன்பக்கம் டை ராடு இரண்டையும் மறுபடி திருக வேண்டியிருந்தது, எதிர்பார்த்ததுதான். ஊளைச் சத்தம் போகவில்லை. தேய்ந்த டயர் தேய்ந்ததுதான். டயர் மாற்றும் வரை அது ஊளையிடும்.

"அப்ப பேரிங்?"

"நல்லாத்தான் இருக்கு மாமா. அந்தக் காசுல டயர் வாங்குங்க."

*

ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள வண்டிகளில் அலைன்மென்ட் முடிந்ததும் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சாருக்குப் புதிய பூஜ்யம் சொல்லித்தர வேண்டும். ரேடாரும் கேமராவும் வைத்த புதிய வண்டிகளில் பின் அச்சின் திசை மாறினால் அவற்றையும் திரும்ப அளவுபடுத்தச் சொல்லும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். சந்துக் கடையில் இதற்குக் கருவி இருக்காது. வண்டியை விடும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பேப்பர் இரண்டு வாங்க வேண்டும், வேலைக்கு முன்பு எடுத்தது, பின்பு எடுத்தது. ஒன்றுதான் கொடுப்பேன் என்றால் முன்பு எடுத்ததைக் கேட்டு வாங்கலாம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பின்பக்கத்தை மட்டும் மறுபடி அளக்கச் சொல்ல வேண்டும். புது புஷ் உட்கார்ந்த பிறகு வரும் எண்தான் கணக்கில் சேரும்.